மூன்று முறை எண்ணிய தண்ணீர்

படிவத்தில் மூன்று பத்திகள்:
கழிப்பறை, கழுவல், சமையல்.
அடியில் ஒரு கோடு,
கோட்டுக்குக் கீழே கூட்டுத்தொகை.
கோச்சபாம்பாவின் தெற்கு மேட்டில்
இது நாற்பத்தோராவது வீடு.
என் சப்பாத்தின் நிறம் காலையிலேயே புழுதிக்குப் போய்விட்டது.

எர்மினியா முதலில் நாயை அனுப்பினாள்.
நாய் என்னை முகர்ந்து முடித்த பிறகு
ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டு
"கேள்" என்றாள்.

வீட்டில் எத்தனை பேர்?
"ஐந்து. இரு, ஆறு.
வாடகைக்கு இருக்கும் ரோமான்
இரவெல்லாம் செங்கல் சூளையில்,
பகலெல்லாம் தூக்கத்தில்.
அவனை அரை ஆளாகப் போட்டுக்கொள்."
போட்டேன். ஐந்தரை.
பொறியியலில் அரை ஆள் சகஜம்.

ஒருவர் நாளைக்கு எத்தனை முறை கழிப்பறைக்கு?
"உன் ஆபீசில் யாராவது எண்ணுகிறார்களா?"
பேனாவைக் கடித்தேன். மூன்று என்று எழுதினேன்.
ஒவ்வொரு முறையும் அரை வாளி, நான்கு லிட்டர்.
ஆக அறுபத்தாறு.

கழுவல்: துணி, உடம்பு, சின்னவனின் முழங்கால்,
சனிக்கிழமை மட்டும் தரை.
சராசரி எழுபது.

சமையல்: உருளைக்கிழங்கு, சூப், தட்டுகள்,
குடிப்பதும் இதிலேயே.
கினோவாவை ஏழு முறை அலசுகிறாள்.
சோப்பே போடாத சட்டியில்
நுரை பொங்கி நின்றது.
நாற்பது.

கூட்டினேன். நூற்று எழுபத்தாறு.

அவள் சுவரோரம் கை காட்டினாள்.
மூன்று நீலப் பீப்பாய்கள், ஒன்றுக்கு இருநூறு லிட்டர்.
லாரி வாரத்துக்கு ஒருமுறைதான் வரும்.
அறுநூறை ஏழால் வகுத்தேன்.
எண்பத்தாறுகூட முழுசாக வரவில்லை.
மறுபடி வகுத்தேன்.
மிச்சத் தொண்ணூறை இவள் எங்கிருந்து கொண்டுவருகிறாள்?
இந்த மேட்டில் ஊற்று கிடையாது.
போன மழை பெய்தபோது சின்னவன் பிறக்கவில்லை
என்று பொய் சொன்னால்கூட நம்புவேன்.

"தம்பி, நீ ஒரே தண்ணியை
மூணு தடவை எண்ணுறே."

கினோவாவின் நுரைத்தண்ணீர்
துணித்தொட்டிக்குப் போகிறது.
துணி அலசிய சாம்பல் நிறத் தண்ணீர்
கழிப்பறை வாசலில் மூடியில்லாத வாளியில் காத்திருக்கிறது.
எண்ணெய் மிதப்பது மட்டும் பீச் மரத்துக்கு.
மரம் அதையும் வாங்கிக்கொண்டு
வருஷத்துக்குப் பதினொரு பழம் தருகிறதாம்.
எண்ணியிருக்கிறாள்.

என் மூன்று பத்திகளுக்கும் இடையே கோடுகள் உண்டு.
அந்தக் கோடுகள் வழியாகத்தான்
தண்ணீர் நடந்துபோகிறது, பெயரை மாற்றிக்கொண்டு.

கை கழுவலாமா என்றேன்.
ஒரு குவளை ஊற்றினாள், வாளிக்கு நேர் மேலே நிற்க வைத்து.
என் கையழுக்கு அவர்கள் வாளியில் விழுந்தது.
"இதை எந்தப் பத்தியில் எழுதுவே?"
பதில் சொல்வதற்குள் கீழே லாரியின் ஹாரன்.
பேச்சை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.
நாய் அவளுக்கு முன்னே.
நானும் ஒரு பீப்பாயை உருட்டினேன்.
ரோமான் எழவில்லை.

மாலையில் ஆபீசில்
வில்மர் தன் அட்டவணையைப் பிரித்தான்.
"வருவதில் பத்தில் எட்டுப் பங்கு சாக்கடைக்கு,
ஆளுக்கு இவ்வளவு, இந்தத் தெருவுக்கு அகலக் குழாய்."
அகலக் குழாய் நல்ல குழாய்தான்.
அறுபத்தாறு லிட்டர் அதில்
தரையைக்கூட நனைக்காது.
அள்ளிப் போக ஆளில்லாமல்
மலம் நடுவழியில் உட்கார்ந்து காயும்.
ஆறாம் மாதம் தெருவே மூக்கைப் பொத்தும்,
பழி எர்மினியாவின் வாளி மேல்.

176ஐ அடித்தேன்.
குறிப்பு என்ற கட்டத்தில்,
இரண்டு விரல் அகல இடத்தில், எழுதினேன்:
குழாயை ஒடுக்கு. சரிவைக் கூட்டு.
இங்கே தண்ணீர்
குழாய்க்கு வந்து சேரும்போதே
களைத்துப்போய் வருகிறது.

வில்மர் படித்தான். கண்ணாடியைக் கழற்றினான்.
களைப்புக்கு
என்ன அலகு போட என்றான்.